விரல் காட்டும் வழியில் ஊசி

மேல்தாடைப் பல்லை விறைக்க வேண்டியிருக்கையில் அதன் வேரருகே விறைப்பு ஊசியைப் போட்டாலே போதும். அங்குள்ள எலும்பு மெல்லியதாதலால் மருந்து தானாகவே ஊறி வேரை அடைந்துவிடும். கீழ்த்தாடையின் கொடுப்புப் (கடைவாய்ப்) பற்களுக்கு இந்த எளிய வழி பெரும்பாலும் பலிப்பதில்லை, ஏனெனில் அவற்றைச் சூழ்ந்த எலும்பின் வெளிச்சுவர் தடித்து இறுகியது. ஆகவே, பல்லின் உணர்வைச் சுமக்கும் நரம்பு எலும்புக்குள் நுழையும் வாயிலிலேயே அதனை மறிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வாயில், தாடையின் பின்பகுதி காதை நோக்கி எழும் தட்டையான எலும்பின், அதாவது தாடைக்கிளையின், உட்புறத்தில் ஏறத்தாழ நடுவே அமைந்த ஒரு துளை. அது கண்ணுக்குத் தெரியாததால் பல் வைத்தியர் தம் விரலை நம்புகிறார். தாடைக்கிளையின் முன்விளிம்பைத் தடவி, அது மிக ஆழமாக உள்வளையும் இடத்தில் விரலை நிறுத்தினால் ஊசி நுழையவேண்டிய உயரம் தெரியும். வாயை அகலத் திறக்கையில் மேல்தாடையின் பின்புறத்திலிருந்து கீழ்த்தாடைக்கு இறங்கும் சவ்வு மடிப்பு உள் எல்லையைக் காட்டும். கீழ்ப்பற்களின் மெல்லும் தளம் மூன்றாவது அளவுகோல். மறுபக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேலாகச் சாய்த்துப் பிடித்த ஊசி, அத்தளத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் மேலே நுழைந்து, 20 முதல் 25 மில்லிமீற்றர் சென்றதும் எலும்பில் தட்டவேண்டும். அந்தத் தட்டலே உண்மையான சாட்சி. முன்னதாகவே தட்டினால் ஊசிமுனை மிகவும் முன்னே நிற்கிறது என்று பொருள். தட்டாமலே போனால் அது பின்னே விலகிக் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியை நெருங்கியிருக்கக்கூடும், அங்கே மருந்தை இறக்கினால் முக நரம்பு செயலிழந்து கண்ணிமை சில மணி நேரம் மூடாமல் நிற்கும். நரம்போடு இரத்தக் குழாய்களும் ஓடுவதால், மருந்தைச் செலுத்துமுன் சற்று உறிஞ்சிப் பார்ப்பதும் கட்டாயம். இத்தனைக்குப் பிறகும் நூற்றுக்கு 15 முதல் 20 வரை பலிக்காமல் போவதாகப் பாடநூல்கள் ஒப்புக்கொள்கின்றன. துளையின் இருப்பிடம் ஆளுக்கு ஆள் மாறுவதும், சிறுவர்களில் அது இன்னும் தாழ்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள்.

இவ்வழிக்கு அடிப்படை உடற்கூற்றறிவு. இலங்கையின் வடபகுதியில் காங்கேசன்துறைக்குத் தெற்கேயுள்ள மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டார். அவர் மறைந்த 1884ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான், நியூயோர்க்கில் அறுவை வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் அவருடைய தோழர்களும் கொக்கெயினைக் கொண்டு கீழ்த்தாடையின் இந்நரம்பை முதன்முதலாக விறைக்கச் செய்தனர். உடற்கூறு முன்னே வந்தது, ஊசி பின்னே வந்தது.

ஆனால் மேற்சொன்ன வழி முழுவதும் வாய் அகலத் திறக்கும் என்ற எதிர்பார்ப்பின்மேல் நிற்கிறது. வெற்றிலைத் தட்டம் இன்னும் மறையாத வடபகுதியில் அந்த எதிர்பார்ப்பு எல்லோரிடமும் நிறைவேறாது. பாக்கிலுள்ள அரெகோலின் என்ற பொருள் வாய்ச்சவ்வின் கீழுள்ள இழையத்தில் நார்ப்பொருளை மிகுவிக்க, கன்னம் வருடக்கணக்கில் இறுகி, வாய் சிறிது சிறிதாக மூடிக்கொள்கிறது. கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952இல் விவரித்த இந்நோய், பின்னாளில் வாய்ப் புற்றுநோயாக மாறவும் கூடியது.

இத்தகையவர்களுக்கு, பற்களைச் சேர்த்து மூடிய நிலையிலேயே ஊசி போடும் முறையை வசிராணி என்பவர் 1960இலும் நைஜீரியாவின் அகினோசி 1977இலும் விளக்கினர். ஊசி மேல்தாடைக் கொடுப்புப் பற்களின் ஈறும் வாய்ச்சவ்வும் சந்திக்கும் கோட்டை ஒட்டி, மேற்பற்களின் தளத்துக்கு இணையாகப் பின்னோக்கிச் செல்கிறது. எலும்பில் தட்டும் சாட்சி இதில் இல்லை என்பது இதன் குறை, வாய் திறக்காதவருக்கும் வலியை நீக்க முடிவது இதன் நிறை.

வெற்றிலை, பாக்குப் போடுபவர்கள் தம் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக மேல், கீழ் முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பார்க்கட்டும். அவை நுழையாவிடின், பல்வலி வரும்வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் உடனே வாயைக் காட்டவேண்டும்.