சித்திரப் பாவைக்கு உயிர் தந்தவர் யார்?

ஓவியத்தில் எழுதிய உருவம் கண் இமைத்தல் வேண்டும். தூணில் அமைத்த பாவை வாய் திறந்து பேசுதல் வேண்டும். இஃது இன்று நேற்றுத் தோன்றிய ஆசையன்று. மணிமேகலை கற்றோர் கந்திற்பாவையை மறந்திரார். உதயகுமாரன் வெட்டுண்டு கிடக்கின்றான். மணிமேகலை துயரம் ஆற்றாது அவன்பாற் செல்ல முற்படுகின்றாள். அவ்வேளையில் தூணிலமைந்த பாவை பேசுகின்றது, அவளைத் தடுக்கின்றது, முற்பிறப்பைச் சொல்லி, வருவதையும் உரைக்கின்றது. மனிதர் சொல்ல இயலாத ஆறுதலைப் பாவை சொல்வதாகச் சாத்தனார் அமைத்தார். உயிரற்றது உயிருள்ளாரின் உலகிற் புகுந்து உறவாடும் கற்பனைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

புலவன் சொல்லாற் செய்ததை இருபதாம் நூற்றாண்டின் திரைக்கலைஞர் கோட்டினாலும் ஒளியினாலும் செய்யத் தலைப்பட்டனர். 1914 இல் அமெரிக்க ஓவியர் வின்சர் மக்கே, 'கேர்ட்டி' என்னும் பழங்கால விலங்கைச் சித்திரமாக வரைந்து திரையில் நடமாட விட்டார். அவர் மேடையில் திரையருகே நின்று கட்டளையிடுவார், விலங்கு பணியும். இறுதியில் அவர் திரைக்குப் பின்னே மறைவார். சித்திரத்தில் எழுதப்பட்ட மக்கே விலங்கின் முதுகேறிச் செல்வார். 1945 இல் நடிகர் ஜீன் கெல்லி, ஜெரி என்னும் சித்திரச் சுண்டெலியோடு கைகோத்து ஆடினார். 1988 இல் றொபேட் செமெக்கிஸ் இயக்கிய 'ஹூ ஃபிறேம்ட் றோஜர் றபிட்' என்னும் படத்தில், முயலொன்று மனிதரோடு தெருவில் ஓடியது, வீட்டில் ஒளிந்தது, வழக்கிலும் அகப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டில், 1989 இல், இக்கலை தமிழ்த்திரைக்கு வந்தது. ஏவி.எம். நிறுவனத்தின் 'ராஜா சின்ன ரோஜா' என்னும் படத்தை எஸ். பி. முத்துராமன் இயக்கினார். ரஜினிகாந்தும் கௌதமியும் நடித்தனர். சந்திரபோஸ் இசையமைத்தார், வைரமுத்து பாடல் எழுதினார். செல்வர் வீட்டில் வழிதவறி வளரும் பிள்ளைகளை ஒருவன் அன்பினால் திருத்துவதும், போதைப்பொருளின் கேடும் அதன் பொருள். குடும்பத்தோடு காணத்தக்க அப்படத்தில் ஒரு பாடல் தனித்து நிற்கின்றது. கதைநாயகன் பிள்ளைகளை அழைத்துக் காட்டுக்குச் செல்கின்றான். அங்கே அவர்களை எதிர்கொள்பவை சித்திர விலங்குகள்!

அப்பாடலைப் பார்த்து மகிழ்வது எளிது; அத்தகைய ஒன்றை ஆக்குவது எத்துணை அரிது என்பதைச் சற்று நோக்குவோம். திரைப்படம் ஒரு செக்கனில் 24 படங்களாக ஓடுவது. ஒரு சித்திரத்தை இருமுறை படம் பிடித்தாலும், செக்கனுக்குப் 12 சித்திரங்கள் வேண்டும். ஒரு விலங்கு ஐந்து நிமிடம் திரையில் நின்றாடுமாயின், அதற்கு மட்டும் 3,600 சித்திரங்கள்! கணினி இவ்வேலையை ஏற்குமுன், அவற்றைக் கையால் வரைந்து, ஒளி ஊடுருவும் தாள்களிற் படியெடுத்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பர். பின்னர் நடிகரின் படச்சுருளோடு இணைப்பர். விலங்கு நிற்கும் இடத்தைப் பின்னணியில் அளவாக மறைத்தாலன்றி, அதன் உடலூடே மரமுஞ் செடியுந் தெரியும். காண்போர் அதனைப் பேயென்றே எண்ணுவர்.

இந்தியாவில் இக்கலைக்கு ஒரு பள்ளி முன்னரே அமைந்திருந்தது. பம்பாயில் அரசின் திரைப்படப் பிரிவு 1956 இல் சித்திரப்படக் கூடமொன்றை நிறுவியது. டிஸ்னி நிலையத்தில் வேலைசெய்த கிளேயர் வீக்ஸ் அங்கு வந்து பயிற்சி அளித்தார். அங்கே உருவான 'ஆலமரத்து மான்' என்னும் குறும்படம் 1957 இல் வெளிவந்தது. அதன் கதை, இலங்கையர் நன்கறிந்த புத்த ஜாதகக் கதையே. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ராம் மோகன் அக்கூடத்தில் தேர்ந்து, இந்தியச் சித்திரப்படத்தின் தந்தை எனப் பெயர் பெற்றார்.

சித்திரம் வரைவோன் உழைப்பு ஒரு பாதிதான். மறுபாதி நடிகனுடையது. படப்பிடிப்பின்போது விலங்கு அங்கில்லை. வெறும் வெளியே உண்டு. அவ்வெளியை நோக்கி அவன் குனிய வேண்டும், சிரிக்க வேண்டும், அஞ்ச வேண்டும். பார்வை ஒரு சாண் மேலே சென்றாலும் மாயை குலைந்துவிடும். றோஜர் முயலுக்குக் குரல் கொடுத்த சார்ள்ஸ் ஃபிளைஷர், உடன் நடிப்போருக்கு உதவும்பொருட்டு முயல் உடை தரித்துப் படப்பிடிப்பு நடந்த இடத்தில் நின்றார். எதிரே உள்ளது உயிருடையது என நம்பிப் பார்க்கும் கண்ணே சித்திரத்துக்கு உயிர் தருகின்றது.

நாணுடைமை அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மரப்பாவையை உவமை கூறுகின்றார். உள்ளத்தில் நாணம் அற்றவர் நடமாடுதல், கயிற்றால் ஆட்டப்படும் பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்பது கருத்து. இதனைக் கொண்டு, 'சித்திரப்படமும் மயக்கந்தானே. பிள்ளைகளை ஏமாற்றுவது தகுமோ?' என வினவும் ஆசிரியர் உளர். அவர்க்கு விடை குழந்தையிடமே உண்டு. மரப்பாச்சிக்கு மணற்சோறு ஊட்டும் குழந்தை, அஃது உண்ணாது என்பதை நன்கறியும். அறிந்தும் ஊட்டுகின்றது. இங்கே பாவையின் கயிறு குழந்தையின் கையிலேயே உள்ளது. ஆதலின் இது மயக்கமன்று; மனமுவந்த விளையாட்டு. பாவை என்ன பேசுகின்றது, எம்மொழியிற் பேசுகின்றது என்பவையே நாம் கவலைகொள்ளத் தக்கவை.

1989 இல் ஒரு பாடலளவில் திறந்த கதவு, பின்னர் எத்திசையில் விரிந்தது? 2007 இல் 'இனிமே நாங்கதான்' முழுதும் கணினிச் சித்திரமாக வந்தது. 2010 இல் இந்தியில் 'டூன்பூர் கா சூப்பர் ஹீரோ' நடிகனைச் சித்திர உலகுக்குள் இழுத்துச் சென்றது. 2014 இல் 'கோச்சடையான்' படத்தில் ரஜினிகாந்தே சித்திரமானார். முன்னர்ச் சித்திரம் மனிதரிடம் வந்தது. பின்னர் மனிதர் சித்திரத்துட் புகுந்தனர். சித்திரத் தோழனொருவன் தமிழ்க் குழந்தையின் வீட்டு முற்றத்துக்கு வந்து கதைமுழுதும் உடனிருக்கும் வழி செழிக்கவில்லை. செலவு பெரிது, நாயகனை நம்பி நடக்கும் தொழிலில் குழந்தையின் விருப்பம் பின்வரிசையிலேயே அமர்கின்றது.

நம் கொழும்பு நகரிலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியபின், டைட்டஸ் தொட்டவத்த அங்கே வெளிநாட்டுச் சித்திரப்படங்களைச் சிங்களமாக்கினார். பக்ஸ் பனி என்னும் அமெரிக்க முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனார். அவர் சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை; சிங்கள நகைச்சுவையையும் பழகுமொழியையும் அவற்றின் வாயில் வைத்தார். அதனால் அயலார் சித்திரம் அம்மக்களின் வீட்டுப் பிள்ளையாயிற்று. கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்ப் பிள்ளைகளும் அம்முயலைக் கண்டு சிங்களத்திலேயே சிரித்தனர். பின்னர்ச் சுட்டித் தொலைக்காட்சி வந்தது; சித்திரங்கள் சென்னைத் தமிழ் பேசின. நம் பிள்ளைகளும் விளையாடும்போது அவ்வாறே பேசக் கேட்கின்றோம். அதுவும் தமிழே, வெறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பம்மாவின் பேச்சு எந்தச் சித்திரத்தின் வாயிலும் இல்லையே என்று குழந்தை எண்ணுமாயின், அப்பேச்சு குறைவுடையது என்ற எண்ணமும் உடன் வளரும். அஞ்சத்தக்கது அதுவே.

இதற்குக் கோடிக்கணக்கான பொருள் வந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. இன்று கணினியில் வரையவல்ல மாணவர் நம்மிடையே உளர். அவர்க்குக் கதையும் உரையாடலும் வேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் குழந்தைகளுக்காகக் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினார். வெருளியும் உயிரற்ற பாவைதானே! அது தோட்டத்து வேலியைக் கடந்து, ஒரு வீட்டின் குசினிக்குள் எட்டிப் பார்க்கட்டும். அங்குள்ள சிறுமியிடம் அது முதன்முதலில் என்ன கேட்கும்? அதனை எந்தத் தமிழிற் கேட்கும்? வரைபவன் வெருளிக்குக் கையும் காலும் தருவான். பேச்சைத் தரவேண்டியவர் தமிழாசிரியரே.