நடுவருக்கு இன்னொரு கண் வேண்டுமா?

அஸருக்குப் பின் வெயில் தணியத் தொடங்கும் நேரம். சீகிரியாக் குன்றை அண்ணாந்து பார்த்தபடி கிடக்கும் கிராமங்களில், கோடையில் வற்றிய குளத்தோரமெல்லாம் அந்நேரத்தில் விளையாட்டு மைதானமாகிவிடும். இரண்டு சோடிச் செருப்புகளே கோல் கம்பங்கள். மேலே குறுக்குச் சட்டம் இல்லை. கீழே கோடும் இல்லை. பந்து பாய்ந்ததும் ஒரு பக்கம் "கோல்!" என்று துள்ளும். "செருப்புக்கு மேலால போன பந்து எப்படி கோலாகும்?" என்று மறுபக்கம் பாயும். மஃரிப் பாங்கு கேட்கும்வரை இந்த வழக்குத் தீராது.

சிறுவர்களின் சண்டைதானே என்று நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதே வழக்குத்தான் உலகக் கிண்ணப் போட்டிகளிலும் நடந்திருக்கிறது. தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த கோடிக்கணக்கானோர் கண்ட உண்மை, மைதானத்தின் நடுவே நின்ற ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அந்த ஒருவர்தான் நடுவர்!

உதைபந்தாட்ட நடுவருக்குக் கருவிகளின் துணை வேண்டுமா? வேண்டுமாயின் எவ்வளவு தூரத்துக்கு? இதற்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆட்டம் வேறானாலும், சீகிரியாவுக்கு அருகிலுள்ள தம்புள்ளை கிரிக்கெட் மைதானமே நமக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருக்கிறது.

தம்புள்ளை சொன்ன பாடம்

2024 பெப்ரவரி 21ஆந் திகதி. ரங்கிரி தம்புள்ளை சர்வதேச மைதானத்தில் இலங்கைக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையே மூன்றாவது இருபது20 போட்டி. ஆப்கானிஸ்தான் 209 ஓட்டங்களைக் குவித்திருந்தது. கடைசி ஓவரில் மூன்று பந்துகளுக்கு 11 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில், கமிந்து மெண்டிஸை நோக்கி வஃபாதார் மொமண்ட் வீசிய பந்து தரையில் குத்தாமலே இடுப்புக்கு மேலாக வந்தது. விதிப்படி அது நோபோல். அதற்கு ஓர் ஓட்டமும், மேலதிகமாக ஒரு பந்தும் கிடைத்திருக்க வேண்டும். நடுவரின் கை அசையவில்லை. இலங்கை மூன்றே மூன்று ஓட்டங்களால் தோற்றது.

மைதானத்தில் கருவி இருக்கவில்லையா? இருந்தது! மூன்றாவது நடுவர் தொலைக்காட்சித் திரையின் முன்னால்தான் அமர்ந்திருந்தார். பந்து வீச்சாளரின் பாதம் கோட்டைத் தாண்டியதா என்று அவர் பார்க்கலாம். ஆனால் பந்தின் உயரத்தைப் பார்ப்பதென்றால், துடுப்பாட்டக்காரர் அப்பந்தில் ஆட்டமிழந்திருக்க வேண்டும். மேன்முறையீடு செய்ய வீரருக்கும் வழியில்லை. ஆத்திரமடைந்த இலங்கைத் தலைவர் வனிந்து ஹசரங்க நடுவரைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். அதற்காக இரண்டு போட்டிகளில் ஆடத் தடை பெற்றார்.

கருவியை வாங்கி வைத்தால் மட்டும் நீதி வந்துவிடாது, எந்தக் கேள்வியை அதனிடம் கேட்கலாம் என்பதையும் சரியாக வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே தம்புள்ளை சொன்ன பாடம்.

தொலைக்காட்சியின் துணையை கிரிக்கெட் 1992லேயே ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் டேர்பன் டெஸ்ட் போட்டியில் சச்சின் டெண்டுல்கர் ரன்அவுட் ஆனது மூன்றாவது நடுவரின் தீர்ப்பினால்தான். நடுவரின் தீர்ப்பை மீளாய்வு செய்யும்படி வீரர்களே கேட்கும் முறை டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டதோ நமது நாட்டில். 2008இல் இந்திய அணி இங்கு வந்தபோது.

ஒரு கையும் ஒரு கோடும்

உதைபந்தாட்டம் மட்டும் வெகுகாலம் தயங்கியே நின்றது. அந்தத் தயக்கத்தின் விலை என்ன?

1986 ஜூன் 22. மெக்ஸிக்கோவில் உலகக் கிண்ணக் காலிறுதி. ஆர்ஜென்டீனாவின் மரடோனா கையால் தட்டிய பந்து இங்கிலாந்தின் கோலுக்குள் புகுந்தது. தூனிசியா நாட்டு நடுவர் அலி பின் நாஸர் அதைக் கோல் என்றார். ஆர்ஜென்டீனா 2-1 என வென்றது, கிண்ணத்தையும் பெற்றது. கண்ணில் படாத ஒரு கை, அந்த நடுவரின் பெயரோடு வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. 2015இல் மரடோனா தூனிசியாவுக்கே சென்று அவரைச் சந்தித்து, தான் கையெழுத்திட்ட ஜேர்சியைப் பரிசளித்தார்.

2010 ஜூன் 27. தென்னாபிரிக்காவில் இங்கிலாந்தின் லம்பார்ட் உதைத்த பந்து குறுக்குச் சட்டத்தில் பட்டு, ஜேர்மனியின் கோல் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. உலகமே கண்டது, நடுவர் காணவில்லை. அதுவரை கருவி வேண்டாம் என்றிருந்த ஃபிஃபா தலைவர் பிளாட்டர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2012 ஜூலையில் கோல் கோட்டுக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. 2014 பிரேசில் உலகக் கிண்ணத்தில் அது பயன்பட்டது. நடுவருக்கு உதவும் வீடியோ முறையான 'வார்' 2018இல் ரஷ்யாவுக்கு வந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டம் ஆகிய நான்கு விடயங்களில் மட்டுமே அப்போது அதனால் தலையிட முடிந்தது.

நான் பிடித்த கொடி

இவ்விடத்தில் என் சொந்தக் கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் இரு கிராமங்கள் மோதிய போட்டியொன்றில் கோட்டருகே கொடி பிடித்து நின்றேன். கடைசி நிமிடத்தில் ஒரு சிறுவன் கோல் அடித்தான். நான் 'ஓப்சைட்' என்று கொடியை உயர்த்தினேன். கோல் இல்லையென்றாயிற்று. ஆட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, "நான் பின்னுக்குத்தான் நின்டேன் நானா" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. வீடு போய்ச் சேருமுன்பே என் தவறு எனக்குப் புரிந்துவிட்டது.

ஓப்சைட் பார்ப்பவர் ஒரே கணத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். பந்தை உதைக்கும் கால் ஓரிடம். அதைப் பெறப்போகும் வீரன் நிற்கும் இடம் மற்றொன்று. நான் பந்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புவதற்குள் பையன் இரண்டு எட்டு ஓடிவிட்டான்! நேர்மையில் குறையில்லை; கண்ணில்தான் குறை. மனிதக் கண்ணுக்கு அது கைகூடாத வேலை.

2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் அந்த வேலையைப் பன்னிரண்டு கெமராக்கள் செய்தன. ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை அவை பின்தொடர்ந்தன. பந்துக்குள்ளிருந்த உணர்கருவி செக்கனுக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. அதே போட்டித் தொடரில் ஸ்பெயினுக்கெதிராக ஜப்பானின் மிதோமா திருப்பியடித்த பந்து கோட்டை முழுமையாகத் தாண்டிவிட்டதென்றே பலரும் எண்ணினர். இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவான அளவு கோட்டின் மேல் நின்றதெனக் கருவி காட்டியது. கோல் நிலைத்தது, ஜப்பான் வென்றது.

கருவியும் தவறும்

எனினும் கருவியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2020 ஜூனில் இங்கிலாந்தில் அஸ்டன் வில்லா கோல் காப்பாளர் பந்தைப் பிடித்தவாறே கோட்டுக்குள் போய்விட்டார். கெமராக்களை வீரர்களும் கம்பமும் மறைத்துவிட்டதால் நடுவரின் கைக்கடிகாரம் சைகை தரவில்லை. ஷெஃபீல்ட் யுனைட்டெட்டுக்குக் கிடைக்கவேண்டிய கோல் கிடைக்காமற் போயிற்று.

2023 செப்டெம்பரில் நடந்தது இன்னும் விசித்திரமானது. லிவர்பூலின் லூயிஸ் டயஸ் அடித்தது சரியான கோல். கொடி தவறாக உயர்ந்தது. வீடியோ அறையிலிருந்தவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். ஆனால் மைதானத்தில் 'கோல்' என்று தீர்ப்பாகியிருப்பதாக எண்ணிக்கொண்டு, "பரிசோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டார்கள்! கருவி பிழைக்கவில்லை, பேச்சுத்தான் பிழைத்தது.

இன்னொரு குறையும் உண்டு. கோல் விழுந்ததும் துள்ளிக் குதிக்கும் மகிழ்ச்சிதான் இந்த ஆட்டத்தின் உயிர். இப்போதோ துள்ளியவர்கள் பாதியில் நின்று, நடுவர் காதில் கைவைத்துக் கேட்பதையே பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. இக்குறையைச் சொல்பவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான். பந்து கோட்டைத் தாண்டியதா, வீரன் எங்கே நின்றான் என்பன அளந்து சொல்லக்கூடியவை. அவற்றைக் கருவியிடம் விட்டுவிடலாம். வேண்டுமென்றே தள்ளினானா, கையில் தற்செயலாகப் பட்டதா என்பன எண்ணத்தை எடைபோடும் விடயங்கள். அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டியவர் மனிதரே. அவர் இன்னொரு முறை பார்க்கக் கேட்கும் உரிமையை ஆடுபவர்களுக்கும் அளவோடு கொடுக்க வேண்டும். தம்புள்ளையில் இல்லாமற் போனது அந்த உரிமைதான்.

இவையெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோல் கோட்டுக் கருவிக்கு மட்டும் ஒரு கோலுக்கு ஏழு கெமராக்கள் தேவை. அதனால்தான் 2024இல் ஃபிஃபா, செலவு குறைந்த வேறொரு முறையைச் சோதிக்கத் தொடங்கியது. தனியான வீடியோ நடுவர்கள் அதில் இல்லை. பயிற்சியாளர் ஒரு போட்டியில் இரு தடவை மீளாய்வு கேட்கலாம். கேட்டது சரியென்றால் அந்த வாய்ப்பு அவரிடமே இருக்கும். நடுவர் தாமே திரையைப் பார்த்துத் தீர்ப்பளிப்பார். கிரிக்கெட்டில் நாம் அறிந்த முறையின் சாயல்தான் இது. சில கெமராக்களே உள்ள நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஏற்றதும் இதுவே.

சரி, ஒரு கெமராவும் இல்லாத குளத்தோர மைதானத்துக்கு என்ன வழி? 2012 செப்டெம்பரில் இத்தாலியில் லாஸியோ அணிக்காக ஆடிய ஜேர்மனிய வீரர் குளோஸ, பந்து தன் கையில் பட்டே கோலானது என்று நடுவரிடம் தாமே சொன்னார். கோல் இரத்தானது, அவருடைய அணி தோற்றது. ஆனால் எதிரணி வீரர்கள் வந்து அவருக்குக் கைகொடுத்தார்கள்.

தனக்கே பாதகமானாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லவேண்டும் என்று வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மைதானத்துக்குப் போகும்போதும் அதை அவர்கள் கூடவே கொண்டுபோகட்டும். அன்று அந்தச் சிறுவனிடம் போய், "பிழை என்னுடையதுதான் தம்பி" என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கருவி இல்லாத காலமது என்று இன்று சாக்குச் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது.