தலைக்காயத்திற்கான நரம்புக்காப்பு மருந்துகளின் மதிப்பீடு

நரம்புக்காப்பு மருந்து என்பது தலையில் அடிபட்ட பின்னர் மூளை உயிரணுக்கள் மேலும் அழியாமல் காக்கும் நோக்குடன் வழங்கப்படும் மருந்து ஆகும். விலங்குகளில் பயன் தந்த பல மருந்துகள் மனிதரில் பயன் தரவில்லை. ஆகவே இவற்றின் மதிப்பீடு முதன்மை பெறுகின்றது.

பின்னணி

மூளைக்காயம் இரு கட்டங்களில் நிகழ்கின்றது. மோதும் கணத்தில் ஏற்படுவது முதல்நிலைச் சேதம். இதனை மருந்தால் மீட்க இயலாது. அடுத்த சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை வீக்கம், குருதிக்கசிவு, ஆக்சிசன் குறைவு முதலியவற்றால் தொடர்வது இரண்டாம்நிலைச் சேதம். நரம்புக்காப்பு மருந்துகளின் இலக்கு இதுவே.

மதிப்பிடும் முறை

நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். ஒரு குழு மருந்தையும், மற்றொன்று மருந்துப்போலியையும் பெறும். யாருக்கு எது தரப்பட்டது என்பது நோயாளிக்கோ மருத்துவருக்கோ தெரியாது. காயத்தின் கடுமை கிளாசுக்கோ மயக்க அளவுகோலால் (3 முதல் 15 வரை) அளக்கப்படும். விளைவு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குப் பின், இறப்பையும் இயலாமையையும் கொண்டு கணிக்கப்படும். நோயாளி மயங்கியிருப்பதால் ஒப்புதலை உறவினரே அளிக்க நேர்கின்றது. இந்தியாவில் 2009 சூன் 15 முதல் இத்தகைய ஆய்வுகளை முன்கூட்டியே பதிவேட்டில் பதிதல் கட்டாயமாக்கப்பட்டது.

முக்கிய ஆய்வுகள்

மெத்தில்பிரெட்னிசலோன்: இவ்வகை இசுட்டீராய்டுகள் பல பத்தாண்டுகள் தலைக்காயத்திற்கு வழங்கப்பட்டு வந்தன. 10,008 பேர் பங்கேற்ற 'கிராசு' ஆய்வில் (2004) இரு வாரங்களுக்குள் இறந்தோர், மருந்து பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, மருந்துப்போலி பெற்றவர்களில் 17.9 விழுக்காடு. நன்மை தரும் என நம்பப்பட்ட மருந்து உயிரிழப்பைக் கூட்டியது இதனால் வெளிப்பட்டது.

புரோசெசுத்தரோன்: சிறு ஆய்வுகள் நம்பிக்கை அளித்தன. 2014 இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் பயன் காணப்படவில்லை.

திரானெக்சாமிக் அமிலம்: இது குருதிக்கசிவைக் குறைப்பது, நேரடியான நரம்புக்காப்பு மருந்தன்று. 12,737 பேர் பங்கேற்ற 'கிராசு-3' ஆய்வில் (2019), மூன்று மணி நேரத்திற்குள் இதனைப் பெற்ற அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் இறப்பு வேறுபாடு உறுதியாகவில்லை. எனினும் மிதமான, இலேசான காயமுற்றோரில் தலைக்காய இறப்பு குறைந்தது. தாமதம் கூடக்கூட அவர்கள் பெற்ற பயன் குறைந்தது.

செங்கல்பட்டுப் பகுதி

மாமல்லபுரம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் செங்கல்பட்டு மாவட்டத்தைக் கடக்கின்றன. விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 திசம்பர் 18 அன்று இம்மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. இரண்டாம்நிலைச் சேதம் பெரிதும் நிகழும் காலமும் இதுவே. ஐயமற நிறுவப்பட்ட நரம்புக்காப்பு மருந்து இல்லாத நிலையில், மூச்சுப்பாதையைக் காத்தல், குருதி அழுத்தம் குறையாமல் பேணுதல், வேண்டியபோது உடனடி அறுவை ஆகியனவே சிகிச்சையின் அடிப்படையாக உள்ளன.