நூல் காட்டும் வழி

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆகவே டெல்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதினால் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையை டெல்லியில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து விறைப்பாக்குங்கள். நூல் லண்டன் பக்கமும் போகாது, டோக்கியோ பக்கமும் போகாது. இமயமலையைக் கடந்து, சைபீரியா வழியே ஏறி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். சுமார் 12,400 கி.மீ. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது தெரியாது.

ஆனால் விமானங்கள் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. திபெத் பீடபூமிக்கு மேலே விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம்! இன்னொரு காரணம் காற்று. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லியிலிருந்து பசிபிக் வழியாகப் பறந்தது. 15,300 கி.மீ.; நேரம் பதினான்கரை மணி. அட்லாண்டிக் வழி சுமார் 1,400 கி.மீ. குறைவு, ஆனால் நேரம் அதிகம். பூமி சுழல்வதால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடுகிறது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஓடும் ரயிலில் குதித்துப் பாருங்கள், அதே பெர்த்தின் முன்தான் நிற்பீர்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் எனக்கு ஏன் ஆர்வம் என்று கேட்கலாம்.

1986-ல் நான் டெல்லியில் பெர்மனன்ட் வே இன்ஸ்பெக்டர். மாயவரத்தில் அப்பா காலமானதாக மாலையில் தந்தி வந்தது. விமானம் என் சம்பளத்துக்கு எட்டாது. பாஸ் இருந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சுமார் 2,180 கி.மீ.; பிறகு எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ். வழிநெடுக மைல்கல்லை எண்ணிக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் வீட்டு வாசலில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

2018-ல் எனக்கு இருதய ஆபரேஷன். அம்மா போன் செய்ததும் என் மகன் சான்பிரான்சிஸ்கோவில் விமானம் ஏறினான். பதினாறு மணி நேரப் பறப்பு; வாசலுக்கு வாசல் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு நாள். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எந்த வழியாடா வந்தது விமானம்? பசிபிக்கா, அட்லாண்டிக்கா?" என்றேன்.

"தெரியலப்பா. ஜன்னலையே பாக்கல" என்றான். கண்கள் சிவந்திருந்தன.

"இப்போ இதுதான் ரொம்ப முக்கியம்!" என்று என் மனைவி இருவரையும் சேர்த்துக் கடிந்துகொண்டாள்.