லைப்னிட்ஸ் சறுக்கிய பின்னம்

கைப்பேசியில் உலக வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால், பல செயலிகளில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்கு விரிந்து கிடக்கும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது. இது செயலி எழுதியவர்களின் பிழை அல்ல. 1569-இல் கெரார்டஸ் மெர்க்கேட்டர் மாலுமிகளுக்காகப் போட்டுக்கொடுத்த வரைபடத்தின் குணம். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை தாளில் நேர்கோடாக விழ வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்காக, துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை நான்கு திசையிலும் ஒரே விகிதத்தில் இழுத்துக்கொண்டே போனார். 60 டிகிரி அட்சரேகையில் நீளங்கள் எல்லாம் இரட்டிப்பாகிவிடும்.

எந்த இடத்தில் எவ்வளவு இழுப்பது என்பதுதான் கணக்கு. ஓர் அட்சரேகையில் இழுவையின் அளவு, 1-ஐ அந்தக் கோணத்தின் கொசைனால் வகுத்தால் வருவது. சீக்கன்ட் என்று திரிகோணமிதியில் படித்திருப்போம். நிலநடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி வரை ஏறிப் போக, நடுவில் உள்ள இழுவைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் கூட்டியாக வேண்டும். இங்கிலாந்தின் எட்வர்ட் ரைட் அதைக் கையால் செய்தார். ஒரு டிகிரியை 60 பங்காக்கி, பங்குக்கு ஒரு சீக்கன்ட் என்று கூட்டிக்கொண்டே போய் 1599-இல் அட்டவணையாக அச்சிட்டார். அந்தக் கணக்குப்படி 60 டிகிரிக் கோடு, நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 75.5 டிகிரி தொலைவில் இருப்பதுபோல் வரையப்பட வேண்டும்.

1640-களில் ஹென்றி பாண்ட் என்ற கப்பல் கணித ஆசிரியர் ரைட்டின் அட்டவணையை மடக்கை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் பொருந்தின! சீக்கன்ட்களின் கூட்டல், ஒரு டேன்ஜென்ட்டின் மடக்கையாக இருந்தது. ஏன் என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. 1666-இல் நிக்கோலஸ் மெர்க்கேட்டர் என்ற கணிதர் (வரைபடக்காரர் அல்ல, இவர் வேறு) இதை வைத்துப் பணப் பந்தயமே அறிவித்தார். 1668-இல் ஜேம்ஸ் கிரெகரி நிரூபித்தார். ஆனால் அந்த நிரூபணம் நீண்டு சிக்கிக் கிடந்தது; அந்தக் காலத்துக் கணிதர்களே அலுத்துக்கொண்டார்கள். வாசிக்கும்படியான நிரூபணம் 1670-இல் ஐசக் பாரோவிடமிருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் நியூட்டனுக்கு முன்பு லூகாசியன் பேராசிரியராக இருந்தவர் இவர். தொகையிடலில் பகுதிப் பின்னத்தைப் பயன்படுத்திய முதல் இடம் இதுதான் என்கிறார்கள் கணித வரலாற்றாசிரியர்கள்.

பாரோ செய்ததை இன்றைய குறியீட்டில் சொல்லிவிடலாம். கோணத்தின் சைனை ‘க’ என்று வைத்துக்கொண்டால், சீக்கன்ட்களின் கூட்டல் என்பது 1/(1 − க²) என்ற வளைகோட்டின் கீழ் உள்ள பரப்பாக மாறிவிடுகிறது. அந்தப் பரப்பு நேரடியாகக் கைக்கு வராது. ஆனால் 1 − க² என்பது (1 − க), (1 + க) ஆகிய இரண்டின் பெருக்கல். ஆகவே:

1/(1 − க²) = ½ × [1/(1 − க) + 1/(1 + க)]

வலப்பக்கத்து இரு துண்டுகளும் எளியவை. 1/க போன்ற வளைகோட்டின் கீழுள்ள பரப்பு மடக்கை என்பது அதற்குள் தெரிந்திருந்தது. பாண்ட் கண்ட மடக்கை எங்கிருந்து வந்தது என்ற புதிர் இந்த ஒரு வரியில் தீர்ந்தது.

மேல்நிலை வகுப்பில் இந்த உத்திக்குப் பெயர் பகுதிப் பின்னம். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டினால் 7/12 என்று சின்ன வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். இது அதன் தலைகீழ்: 7/12-ஐக் கையில் கொடுத்து, எதையெதைக் கூட்டியதால் இது வந்தது என்று கேட்பது. எண்களுக்குப் பதில் பல்லுறுப்புக் கோவைகள், அவ்வளவுதான் வித்தியாசம். துண்டுகளின் மேலே நிற்கும் மாறிலிகளைக் கண்டுபிடிக்க, ஒரு காரணியை விரலால் மறைத்துவிட்டு மீதியில் மதிப்பைப் போடும் குறுக்குவழி ஒன்று உண்டு. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து, தானாகவே கணிதம் கற்ற ஆலிவர் ஹெவிசைடின் பெயரால் பொறியியல் மாணவர்கள் அதை அறிவார்கள். அந்த விவரத்துக்குள் நான் போகவில்லை. அது பயிற்சி, பழகினால் வரும்.

எனக்குச் சுவையாகப் படுவது வேறு கேள்வி. எந்தப் பின்னத்தைக் கொடுத்தாலும் இப்படி உடைக்க முடியுமா? பாடநூல் கணக்குகளில் பகுதி எப்போதும் நல்ல பிள்ளையாகக் காரணிகளோடு வந்து நிற்கும். (க − 1)(க + 2) என்று பிரித்தே கொடுத்துவிடுவார்கள். அதனால் மாணவருக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. லைப்னிட்ஸுக்கு எழுந்தது.

1702-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தொகையிடலின் முழு எல்லையையும் வரையறுக்கப் பார்த்தார். ஒருபடிக் காரணியிலிருந்து வரும் துண்டு மடக்கையைத் தரும். 1/(1 + க²) போன்ற இருபடித் துண்டு வட்டத்தின் வில்லைத் தரும். நம் வகுப்பறை மொழியில் டேன் இன்வர்ஸ். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே எல்லாப் பின்னங்களையும் முடித்துவிடலாமா? அதே ஆண்டில் யோஹான் பெர்னௌலியும் இதே பொருளில் எழுதினார், முடியும் என்ற நம்பிக்கையோடு. லைப்னிட்ஸ் முடியாது என்றார். அதற்கு அவர் காட்டிய சாட்சி 1/(க⁴ + 1). அவர் மூலத்தில் 1-க்குப் பதில் ஒரு மாறிலியின் நான்காம் படி இருக்கிறது, விஷயம் ஒன்றே.

அவருடைய வாதம் இது. க⁴ + 1-ஐ முதலில் (க² + √−1), (க² − √−1) என்று பிரிக்கலாம். மறுபடி பிரித்தால் நான்கு ஒருபடிக் காரணிகள் வரும். அவற்றில் −1-இன் வர்க்கமூலத்துக்கே வர்க்கமூலம் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நான்கில் எந்த இரண்டைச் சேர்த்துப் பெருக்கினாலும் மெய்யான இருபடி கிடைக்காது என்று அவர் முடிவு கட்டினார். எனவே இந்தப் பின்னத்தின் தொகை மடக்கையும் அல்ல, வட்டமும் அல்ல, புதிதாக ஒன்று. க⁸ + 1-க்கு இன்னொன்று. இப்படிப் புதிய சார்புகளின் வரிசையே நமக்காகக் காத்திருக்கிறது என்று அவர் எண்ணினார். கற்பனை எண்களை, இருப்புக்கும் இன்மைக்கும் நடுவே நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி என்று அவர் வியந்து எழுதியதும் இந்தக் கட்டுரையில்தான்.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். க⁴ + 1-உடன் 2க²-ஐக் கூட்டி, உடனே கழித்தும் விடுங்கள். (க² + 1)² − 2க² என்று வரும். இரு வர்க்கங்களின் வித்தியாசம். ஒன்பதாம் வகுப்பு முற்றொருமை.

க⁴ + 1 = (க² + √2 க + 1)(க² − √2 க + 1)

சந்தேகம் இருந்தால் க = 2 என்று போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 17. வலப்பக்கம் (5 + 2√2)(5 − 2√2), அதாவது 25 − 8. அதுவும் 17. இரண்டும் மெய்யான இருபடிகள்; கற்பனை எண்ணுக்கு வேலையே இல்லை. தொகை, மடக்கையும் டேன் இன்வர்ஸுமாகவே வந்துவிடுகிறது. நுண்கணிதத்தைப் படைத்த இருவரில் ஒருவர் கோட்டைவிட்டது இதைத்தான்.

−1-இன் வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் முற்றிலும் புதிய வகைப் பொருள் கிடைக்கும் என்று லைப்னிட்ஸ் நம்பியிருக்கிறார். உண்மையில் (1 + √−1)-ஐ √2-ஆல் வகுத்தால் போதும். அதை வர்க்கப்படுத்திப் பாருங்கள், √−1 வந்து நிற்கும். கற்பனை எண்களின் உலகம் மேலும் மேலும் கிளைத்துக்கொண்டு போவதில்லை. ஒரு படி ஏறியதும் அங்கேயே நின்றுவிடுகிறது. 1702-இல் இது யாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே அவரைப் பார்த்து நாம் சிரிப்பது நியாயமில்லை.

ஆனாலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 26 ஆண்டுகளுக்கு முன்பே, 1676 அக்டோபரில், நியூட்டன் லைப்னிட்ஸுக்குச் சேரும்படி எழுதிய நீண்ட கடிதத்தில் ஒரு தொடர் இருந்தது:

1 + 1/3 − 1/5 − 1/7 + 1/9 + 1/11 − …

இதன் மதிப்பு பை/(2√2), சுமார் 1.1107. லைப்னிட்ஸின் பெயரால் வழங்கும் 1 − 1/3 + 1/5 − 1/7 + … = பை/4 என்ற தொடருக்கு இது தங்கை போன்றது. (அந்த மூத்த தொடரைக் கேரளத்தில் மாதவரின் வழிவந்தவர்கள் லைப்னிட்ஸுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள், 16-ஆம் நூற்றாண்டு மலையாள நூலான ‘யுக்திபாஷை’யில் அதன் நிரூபணமே இருக்கிறது.) நியூட்டனின் தொடர் எங்கிருந்து வருகிறது? (1 + க²)/(1 + க⁴) என்ற பின்னத்தை 0 முதல் 1 வரை தொகையிட்டால் வருகிறது. அதைத் தொகையிட இயல்பான வழி, க⁴ + 1-ஐ இரு மெய்யான இருபடிகளாகப் பிரிப்பது. ஆக, சாவி லைப்னிட்ஸின் மேசைக்கே போயிருந்தது. நியூட்டன் விடையைச் சொன்னார், வழியைச் சொல்லவில்லை. இருவருக்கும் இடையில் பின்னாளில் மூண்ட சண்டையைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

1719-இல் யோஹானின் அண்ணன் மகன் நிக்கோலஸ் பெர்னௌலி மேலே கண்ட காரணிகளை அச்சில் காட்டி, லைப்னிட்ஸின் சாட்சியைத் தள்ளுபடி செய்தார். லைப்னிட்ஸ் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஒரு பின்னம் உடைந்துவிட்டது என்பதால் எல்லாப் பின்னங்களும் உடையும் என்று ஆகிவிடாதே. 1742-இல் ஆய்லர் இதே நிக்கோலஸுக்கு எழுதிய கடிதத்தில், மெய்யெண் கெழுக்களைக் கொண்ட எந்தப் பல்லுறுப்புக் கோவையும் மெய்யான ஒருபடி, இருபடிக் காரணிகளாகப் பிரியும் என்று அடித்துச் சொன்னார். நிரூபணம் தரவில்லை. லைப்னிட்ஸைத் திருத்திய நிக்கோலஸ் இதை நம்ப மறுத்தார் என்பதுதான் விந்தை! பிரியாத கோவை என்று ஒன்றை எடுத்தும் நீட்டினார்: க⁴ − 4க³ + 2க² + 4க + 4.

இதுவும் பிரிகிறது. க இருக்கும் இடத்தில் எல்லாம் க + 1 என்று போட்டால், நடுவில் உள்ள குப்பை கழிந்து க⁴ − 4க² + 7 என்று சுருங்கும். அதை (க² + √7)²-இலிருந்து (4 + 2√7)க²-ஐக் கழித்ததாக எழுதலாம். மறுபடி அதே ஒன்பதாம் வகுப்பு முற்றொருமை. 1719-இல் நிக்கோலஸ் கையாண்ட அதே உத்தி, 23 ஆண்டு கழித்து அவர் காட்டிய தடையையும் உடைத்துவிடுகிறது.

எந்தக் கோவையும் இப்படிப் பிரியும் என்பதை இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்கிறோம். பெயரைக் கேட்டால் இயற்கணிதக்காரர்கள் சமன்பாடு தீர்க்கும்போது கண்டது போலத் தோன்றும். ஆனால் அதை நிரூபிக்க 1746-இல் பிரான்சின் டாலம்பேர் எடுத்த முயற்சி வந்தது தொகையிடல் பற்றிய ஆய்வுரையில். பின்னங்களை உடைக்க அவருக்கு அந்தத் தேற்றம் தேவைப்பட்டது. 1799-இல் 22 வயது காஸ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்னோர்களின் நிரூபணங்களில் உள்ள ஓட்டைகளைக் காட்டிவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தார். அந்த ஏட்டின் தலைப்பே, கோவைகள் மெய்யான ஒருபடி, இருபடிக் காரணிகளாகப் பிரியும் என்றுதான் பேசுகிறது. கற்பனை எண்ணைத் தலைப்பில் காணோம். பகுதிப் பின்னத்துக்கு எது வேண்டுமோ அதுதான் அங்கே இருக்கிறது. காஸின் நிரூபணத்திலும் ஓர் இடைவெளி இருந்தது, 1920-இல் ஒஸ்ட்ரோவ்ஸ்கி அதை அடைத்தார்.

காரணிகள் உண்டு என்று தெரிந்துவிட்டது. அவற்றைக் கண்டுபிடிப்பது வேறு பாடு. ஐந்தாம் படிக்கும் அதற்கு மேலும் மூலங்களைத் தரும் பொதுச் சூத்திரம் கிடையாது என்று 1824-இல் ஏபெல் காட்டினார். அப்படியானால் ஏழாம் படிப் பகுதி உள்ள பின்னத்தை என்ன செய்வது? ரஷ்யாவில் ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி 1845-இலும், பிரான்சில் எர்மித் 1872-இலும் பாதி விடை கண்டார்கள். தொகையில் மடக்கை கலவாத பகுதியை, காரணிப்படுத்தாமலே, யூக்ளிடின் மீப்பெரு பொது வகுத்தி முறையை மட்டும் கொண்டு பிரித்தெடுத்துவிடலாம். மடக்கைப் பகுதிக்கும், தேவைக்கு மேல் மூலங்களைத் தேடி அலையாத ஒரு வழியை 1976-இல் ரோத்ஸ்டைனும் ட்ரேகரும் தனித்தனியே கண்டார்கள். இன்று கணினியில் ஒரு பின்னத்தைத் தொகையிடச் சொன்னால், மென்பொருள் பெரும்பாலும் இந்த வழிகளில்தான் போகிறது. நாம் தேர்வில் எழுதுவது போல மாறிலிகளைப் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை.

லைப்னிட்ஸின் உள்ளுணர்வை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. அதே க⁴ + 1-ஐ ஒரு வர்க்கமூலக் குறிக்குள் வைத்து, 1/√(க⁴ + 1) என்று எழுதித் தொகையிடப் பாருங்கள். மடக்கை, டேன் இன்வர்ஸ் எதுவும் உதவாது. நாம் அறிந்த எளிய சார்புகளால் அதை எழுதவே முடியாது என்று 1830-களில் லியூவில் நிறுவினார். நீள்வட்டத் தொகைகள் என்ற பெரிய துறை அங்கே இருக்கிறது. புதிய சார்புகள் உண்டு என்று அவர் நினைத்தது சரி, அவற்றைத் தேடிய இடம் ஒரு வர்க்கமூலக் குறி தள்ளிப் போய்விட்டது.

பகுதிப் பின்னம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காரணிகளைப் பிரித்தே கொடுக்கும் கணக்குகள் பத்தைச் செய்ய வைத்த பிறகு, க⁴ + 1 பகுதியில் உள்ள இந்த ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். குறிப்பு எதுவும் தராமல் ஒரு வாரம் விடுங்கள். மதிப்பெண் போட வேண்டாம்.