குறி சொல்லுமா குருதி?

இளைஞன் ஒருவன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்று கேட்டால், "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோர் உண்டு. எழுத்து உண்டா என்று, விஞ்ஞானிகள் தலையைத் திறந்தே பார்த்துவிட்டனர்! கண்டது எழுத்தல்ல, வடு.

1976-இல், சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்திலே, மேரி ஆஸ்பெர்க் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், மனச்சோர்வுற்றோரின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தனர். செரோட்டோனின் என்னும் மூளைப் பொருள் சிதைந்து உண்டாகும் அமிலம் அந்நீரில் குறைந்திருந்தோரிடையே, தற்கொலை முயற்சி மிகுந்திருந்தது. 2002-இல், சிகாகோவிலே கன்ஷியாம் பாண்டே குழுவினர், தற்கொலையால் மாண்ட பதின்வயதினரின் மூளைகளிலே, அதே செரோட்டோனினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகளில் ஒருவகை மிகுந்திருக்கக் கண்டனர்.

ஆனால், நம் நெஞ்சைத் தாக்கியது மாண்ட்ரியல் நகரத்து ஆய்வு, 2009-இல் வெளிவந்தது. தற்கொலையால் மாண்டோர் 24 பேர். அவருள் 12 பேர், குழந்தைப் பருவத்திலே கொடுமைக்கு ஆளானவர்கள். வேறு வகையில் மாண்டோர் 12 பேர். முப்பத்தாறு மூளைகள்! அதிர்ச்சி வந்தால் உடலின் பரபரப்பைத் தணிக்க உதவும் மரபணு ஒன்றின்மீது, கொடுமைக்கு ஆளானோரிடம் மட்டும், மீத்தைல் என்னும் இரசாயனப் பூட்டு மிகுதியாக விழுந்திருந்தது. பூட்டியவன் யார்? ஆண்டவனா? பிறவியா? குழந்தையின்மீது விழுந்த கொடுமையின் தடம் என்றே ஆய்வாளர் கருதினர். அடித்த கை மறந்துவிட்டது. அடிபட்ட மூளை மறக்கவில்லை!

இனி, சோதனைக்கூடத்துக்கு ஓடி, "என் மகன் குருதியைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாமா? கேட்கலாம், பதில் வராது. குறி வேறு, குறி சொல்வது வேறு! கூட்டத்தில் கண்ட வேறுபாட்டை ஒருவன் நெற்றியில் ஒட்டிவிட முடியாது. 50 ஆண்டு ஆராய்ச்சியை, 365 ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் எடைபோட்டபோது, எந்த ஒரு காரணியைக் கொண்டு கணித்தாலும், காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்றுதான் தெரிந்தது. இந்த அரைகுறைக் குறியை நம்பி, நாளை ஒரு கல்லூரி ஒரு மாணவனுக்குக் கதவடைத்தால்? சாதகம் பார்த்து ஒதுக்கியது போதாதென்று, இரத்தம் பார்த்து ஒதுக்குவதோ!

பின் என்னதான் வழி? பிள்ளையிடமே கேட்பது. "கேட்டால், இல்லாத எண்ணம் முளைத்துவிடுமே" என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அதையும் சோதித்துவிட்டனர், நியூயார்க் மாநிலத்து ஆறு பள்ளிகளிலே, 2,342 மாணவர்களிடம். முடிவு 2005-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினரிடம், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டனர். மறு பிரிவினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டோரிடம் அந்த எண்ணம் கூடவில்லை. முன்பே சோர்ந்திருந்த பிள்ளைகளுள், கேட்கப்பட்டவர்களே மற்றவரைவிடத் துயரம் குறைந்து காணப்பட்டனர்.