ஒரு ரப்பர் குழாயை இடம் மாற்றும் முன்

இன்ஜினைப் பிரித்து மீண்டும் பூட்டும் பயிற்சியில் மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்கு டைமிங் பெல்ட் என்றால் பயம். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜின் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கூலண்ட் ஓடும் ரப்பர் குழாய்களைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. குழாய் எட்டவில்லையா? வேறு பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோகலாம். ஒரு முனை மிச்சமா? அடைத்துவிடலாம். அப்போதும் இன்ஜின் ஓடும். பல நாள், சில சமயம் பல மாதம்கூட ஓடும். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தக் குளிர்விப்பு நீர்தான் வெளியே சுமந்து செல்கிறது. வாட்டர் பம்ப் தள்ளும் நீர் சிலிண்டர்களைச் சுற்றி, சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறி, ரேடியேட்டரில் சூடு தணிந்து மறுபடியும் பம்புக்கு வருகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற கதவு. பெரும்பாலான கார்களில் அது 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை நீர் எங்கே போகும்? ரேடியேட்டரைத் தொடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு மாற்றுப் பாதை உண்டு. நாம் அலட்சியமாகப் பார்க்கும் சிறு குழாய்களில் ஒன்று அந்தப் பாதையாக இருக்கலாம்.

நம் வட்டாரத்துப் பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம்.

“தம்பி, நம்ம ஊர்ல பனியா கொட்டுது? ஹீட்டர் எதுக்கு? அந்த ரெண்டு ஹோஸையும் அடைச்சி விடு.”

“அடைக்காம, ஒன்னோட ஒன்னு சேர்த்து விட்டுடலாமா அண்ணே?”

அண்ணன் சொல்வதில் பாதி சரி. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ காருக்குள் வெப்பக்காற்று யாருக்கும் வேண்டாம். ஆனால் சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது நீர் சுற்றுவதற்கு ஹீட்டர் குழாய்தான் வழி. அதை அடைத்தால் நீர் நின்றுவிடும். ஹெட்டில் நீர் கொதிக்கத் தொடங்கினாலும், அந்தச் சூடு தெர்மோஸ்டாட்டை எட்டத் தாமதமாகும். கதவும் தாமதமாகத் திறக்கும். தம்பி கேட்டதுபோல் இரண்டு முனைகளையும் வளைந்த ஒரு குழாயால் இணைத்தால் ஓட்டம் நிற்காது. வேறு சில இன்ஜின்களில் மாற்றுப் பாதை உள்ளேயே இருக்கும். அவற்றில் ஹீட்டர் குழாயை அடைத்தாலும் கெடுதல் இல்லை. உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பதை அந்த இன்ஜினின் பழுதுபார்ப்புக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

திராட்டில் பாடிக்குப் போகும் மெல்லிய குழாய்களும் இப்படித்தான். குளிர்நாடுகளில் அங்கே பனி உறையாமல் தடுப்பது அவற்றின் ஒரு வேலை. அது நமக்குத் தேவையில்லை. ஆனால் சில கார்களில் அங்கே மெழுகு அடைத்த சிறு வால்வு ஒன்று இருக்கும். நீர் சூடாகும்போது மெழுகு விரிந்து, நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைக் குறைக்கும். நீரை நிறுத்திவிட்டால் வால்வுக்கு இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதுபோல் தெரியும். இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் வீணாகும்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது இன்னொரு பழக்கம். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரையும் ஓடாத விசிறியையும் அது கொஞ்ச காலத்துக்கு மறைக்கும். என்னைக் கேட்டால், நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைக்கிற வேலை அது.

அப்படியானால் குழாயின் வழியை மாற்றவே கூடாதா? மாற்றலாம், அதற்கு நல்ல உதாரணமும் உண்டு. 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் இன்ஜின், மாஸ்டா 323 குடும்பத்திலிருந்து வந்தது. 323 முன்சக்கர இயக்கக் கார். இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். பம்ப் ஒரு கோடியில், நீர் வெளியேறும் வாய் மறு கோடியில். அதனால் நீர் நான்கு சிலிண்டர்களையும் கடந்துதான் வெளியேற முடியும். எம்எக்ஸ்-5 பின்சக்கர இயக்கக் கார் என்பதால் அதே இன்ஜினை நெடுவாட்டில் திருப்பி வைத்தார்கள். இப்போது அந்த வாய் இருந்த முனை, இன்ஜினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் இடையிலுள்ள சுவரை ஒட்டிவிட்டது. அங்கே இடம் நெருக்கடி. ஆகவே வாயை முன்பக்கம், பம்ப் இருக்கும் கோடிக்கே கொண்டுவந்தார்கள்.

விளைவு என்ன? நீரின் பெரும்பகுதி முன்பக்கமாகவே ஏறி வெளியேறிவிடுகிறது. கடைசியில் இருக்கும் நான்காம் சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. ஹெட்டின் பின்புறத்திலிருந்து ஹீட்டருக்குப் போகும் சிறு ஓட்டம்தான் அதற்குத் துணை. சாதாரணப் பயணத்துக்கு இது போதும். அந்தக் கார்கள் 30 ஆண்டுகளைத் தாண்டியும் ஓடுகின்றன. டர்போ பொருத்துபவர்களும் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களும்தான் நான்காம் சிலிண்டரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அவர்கள் முன்வாயைத் தகட்டால் மூடி, தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்புறம் வைத்து, அங்கிருந்து நீண்ட குழாயை ரேடியேட்டருக்கு இழுக்கிறார்கள். வேறுவிதமாகச் சொன்னால், 323இல் இருந்த பழைய பாதையை நீருக்குத் திருப்பித் தருகிறார்கள். அதோடு வேலை முடியாது. ஹீட்டருக்கு நீர் எங்கிருந்து எடுப்பது, வெப்பநிலை உணரி எங்கே இருப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். நீர் ஓடாத மூலையில் உணரி மாட்டிக்கொண்டால் மீட்டர் பொய் சொல்லும்.

பயிற்சிக்கோ இறுதியாண்டுத் திட்டத்துக்கோ இன்ஜினைப் பிரிக்கப் போகிறவர்கள், முதல் குழாயைக் கழற்றும் முன்பே கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். இரண்டு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதிய காகித நாடாவை ஒட்டுங்கள். திரும்ப மாட்டும்போது புகைக்குழாயிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் விலகிப் போகிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது அசையும். அதற்கேற்ப குழாயில் கொஞ்சம் தளர்வு வேண்டும். நேர்க்குழாயைக் கூர்மையாக வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளும். வளைவான இடத்துக்கு வளைவாகவே வார்த்த குழாய் கிடைக்கிறது. நடுவில் மேடு தட்டும்படி குழாயைக் கொண்டுபோனால் காற்று அங்கே தங்கும், நீர் அதைத் தள்ள முடியாமல் திணறும். மிச்சம் கிடக்கும் பெட்ரோல் குழாயைக் கூலண்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ரப்பர் வேறு.

ஏன் இவ்வளவு கவனம்? பல இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் கிழியும். ஒரு குழாயில் மிச்சம் பிடித்த காசு, ஹெட்டைக் கழற்றி முகம் சீவி மீண்டும் பூட்டும் செலவில் போய்விடும்.

கூலண்ட் ஊற்றும்போது காரின் மூக்கை மேட்டில் வைத்து, ஹீட்டர் இருந்தால் அதன் குமிழைச் சூடு பக்கம் திருப்பி, மெதுவாக ஊற்றுங்கள். நம் ஊரில் நீர் உறையாது என்று வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்தும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இன்ஜின் சூடானபின் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும்.

முதல் ஓட்டம் முடிந்து, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் உள்ளே தங்கிய காற்று வெளியேறியிருக்கும். ஊற்றி நிரப்பினால் போதும். அடுத்தடுத்த நாளும் இறங்கினால் ஒவ்வொரு கிளிப்பாகத் தடவிப் பார்க்க ஆரம்பியுங்கள்.